அந்தப் பத்தியில் எழுதியிருந்தது

"அதை இங்கே வாசிக்க வேண்டாம்மா" என்று பெரியவர் சொன்னதும், அந்தப் பெண்ணிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். "நாம வெளியே போய்ப் பேசிக்கலாம்" என்றேன். கூட்டம் அத்தோடு கலைந்தது. மாதங்கள் ஆகிவிட்டன. அந்த அரை நிமிடத்தை மட்டும் மனசு விடமாட்டேன் என்கிறது.

அன்று போட்ட படம் 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்'. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் திரையிடலுக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் கேட்கப் பிடிக்கும், ஆனால் ஆங்கில எழுத்து ஓடினால்தான் கதை பிடிபடும். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் ஒரு தலித் மாணவன் படும் பாடு இவர்களுக்கு எதற்கு என்று குழுவிலேயே கேட்டார்கள். "அது உங்க ஊர்ப் பிரச்சினை. நம்ம ஜனம் சாதியைக் கடல்லயே விட்டுட்டு வந்துச்சு." டர்பனில் எல்லாரும் சொல்வதுதான் இது. பெருமளவு உண்மையும்கூட. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது தமிழா, தெலுங்கா என்று கேட்பார்கள். அதற்கு மேல் தோண்டுவதில்லை. ஆனால் பிள்ளை, மூட்லி, கோவெண்டர், படையாச்சி, செட்டி என்று பழைய சாதிப் பட்டங்கள்தான் இங்கே குடும்பப் பெயர்கள். தமிழ்நாட்டில் நாங்கள் பெயரிலிருந்து வெட்டி எறிந்தது இங்கே பள்ளிக்கூட வருகைப் பதிவேடு முழுக்கக் கிடக்கிறது. வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் பெயர். வந்திறங்கிய பிறகு புதிதாகப் பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்தப் பெண் கல்லூரி மாணவி. நாலாக மடித்த நகல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பத்தி பத்தியாக ஆளுக்கு ஒரு வரி இருக்கும். அவள் பாட்டியின் பாட்டிக்கான வரியில் மஞ்சள் மை தடவியிருந்தாள். வட ஆற்காடு என்று வாசித்தாள். கிராமத்தின் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "இடது முழங்காலில் தழும்பு" என்றதும் முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் "ஐயோ" என்றார். அப்புறம் அவள் சொன்னாள்: "நடுவுல ஒண்ணை விட்டுட்டேன். இந்தப் படமே அதைப் பத்திதான்னு நினைக்கிறேன்."

பெரியவர் எழுந்தது அப்போதுதான். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, அந்தக் குடியிருப்பைக் காலி செய்தபோது சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டவர். "வெள்ளைக்காரன் காகிதத்துல இனம் எழுதித்தான் எங்களை இங்கே கொண்டுவந்து போட்டான். அதை ஒழிக்கவே எங்க வாழ்நாள் போச்சு. இன்னொரு பத்தியைத் தூக்கிக்கிட்டு வர்றியே?"

"நான் எழுதலையே அங்கிள். அவங்க எழுதிட்டாங்க" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். எல்லாரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிந்த 1950இன் இனப்பதிவுச் சட்டம் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைப் புத்தகத்தில் படித்தவன் நான், அவர் அதற்குள்ளேயே வளர்ந்தவர். அவர் குரலை மதித்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அவளைக் காப்பாற்றவும் நினைத்தேன். மைக்கை நீட்டும்போதே அந்தச் சொல் என் கண்ணில் பட்டுவிட்டது. என் ஊரில் அந்தச் சொல்லை எப்படி வீசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "நீங்க எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதிலிருந்து அது தொடங்கும். அவள் வாசித்தால் அடுத்த மாதம் இன்னொருவர் தன் தாளோடு வருவார், அதில் உயர்ந்த சாதி இருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசிப்பார். இங்கே இல்லாத ஏணியை நாமே நட்டுவைத்ததாகிவிடும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த இடத்தில் வேறொரு சொல், கேட்பவர்கள் முகம் சுளிக்காத ஒரு சொல் இருந்திருந்தால் நான் மைக்கை வாங்கியிருப்பேனா? பதிவேட்டுச் சாதியை முழுசாக நம்ப முடியாது என்று விளக்கியிருக்கலாம். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், அந்தப் பத்தியில் 'மலபார்' என்றும் 'கிறித்தவர்' என்றும்கூட இருக்கிறது. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் "அது தப்பாகவும் இருக்கலாம்மா" என்று அவளிடம் சொல்வது எப்படிப்பட்ட ஆறுதல்? தப்பாக இருந்தால் நல்லது என்றல்லவா அர்த்தமாகிறது! படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய அறையில், படம் கேட்ட கேள்வி ஒரு ஆள் வடிவில் எழுந்து நின்றபோது வாசலைக் காட்டினோம்.

வெளியே அவள் கேட்டாள்: "அது கேவலமான விஷயமா அண்ணா?"

"இல்லவே இல்லை."

"அப்புறம் ஏன்?"

பெரியவர், மரியாதை, நேரம் என்று எதையோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் திரையிடலுக்கு வரவில்லை. பரீட்சையாக இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம். பெரியவர் வந்துகொண்டிருக்கிறார். போன முறை, "அந்தப் பொண்ணு வரலையா?" என்று அவராகவே விசாரித்தார். குரலில் கோபம் இல்லை.

படம் ஏதும் போடாமல் கப்பல் பதிவேட்டைப் பற்றி மட்டும் ஒரு மாலை பேசலாமா என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். தீபாவளி முடியட்டும் என்கிறார்கள். நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இவர்கள் விட்டுவந்ததைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நானே எடுத்துப் பேசுவது முறையாகப் படவில்லை. அதே சமயம், அந்தச் சொற்களின் கனம் தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் அவற்றைப் பொதுவில் வாசிக்க விடவும் பயமாக இருக்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.