மக்ரூனுக்குக் கொழுப்பு ஆகாது

போன தீபாவளி லீவு முடிஞ்சு சென்னை திரும்பினப்போ வழக்கம்போல எங்க ஊர் தூத்துக்குடியிலருந்து ரெண்டு பாக்கெட் மக்ரூன் வாங்கிட்டு வந்து ஆபீஸ்ல என் டேபிள் மேல வச்சிருந்தேன். எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, சுத்த சைவம், பக்கத்துல யாராவது ஆம்லெட் பிரிச்சாலே டப்பாவைத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிருவாங்க. அவங்க வந்து "முந்திரி குக்கீஸா?"ன்னு கேட்டாங்க, நான் ஏதோ மெயில் அடிச்சிட்டு இருந்தவ ஸ்க்ரீன்லருந்து கண்ணை எடுக்காமலே "ஆமாக்கா, எடுத்துக்கோங்க"ன்னுட்டேன். ரெண்டு உள்ள போயிருச்சு. மூணாவதை கையில வச்சுக்கிட்டு "என்னடி இது, வாயில போட்டதும் காணாமப் போகுது, என்ன மாவு போட்டிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. நானும் ஊர்ப் பெருமையில "மாவே கிடையாதுக்கா, வெள்ளக்கரு, சீனி, முந்திரி, அவ்ளோதான்"னு சொல்லி முடிக்கும்போதுதான் என்ன சொல்லித் தொலைச்சிருக்கேன்னு எனக்கே உறைச்சுது.

அவங்க திட்டல. மூணாவதை ஒரு டிஷ்யூ மேல வச்சுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அதுலருந்து யார் மக்ரூனை குக்கீன்னு சொன்னாலும் நான் விடுறதில்ல. எங்க அக்கா பொண்ணு எட்டாவது படிக்கா, அவ சண்டைக்கு வருவா, "சித்தி, குட் டேலயும் முந்திரி, இதுலயும் முந்திரி, ரெண்டும் ஓவன்ல வேகுது, ரெண்டும் இனிப்பு, அப்புறம் என்ன?"ன்னு. நியாயமான கேள்விதான். ஆனா அவ பாக்குறது மேல தெரியுற முந்திரியை. வித்தியாசம் கொழுப்புல இருக்கு.

குக்கீக்குக் கொழுப்பு வேணும். வெண்ணெயையும் சீனியையும் நல்லா குழைச்சு அதுல மைதாவைப் போடுறோம்ல, அப்போ அந்த வெண்ணெய் மாவைச் சுத்திப் பிடிச்சுக்கும், தண்ணி உள்ள எறங்க விடாது, அதனாலதான் சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாம பொடபொடன்னு உடையுது. ஓவன்ல வச்சதும் வெண்ணெய் உருகும், உருண்டை தட்டையாப் பரவும், 180 டிகிரியில பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல ஓரம் செவந்துரும். வெளிய எடுக்கும்போது கொழகொழன்னு இருக்கும், ஆறினாத்தான் கெட்டியாகும். முட்டை இல்லாமலும் செய்யலாம், கடையில விக்கிற நெறைய குக்கீ முட்டை இல்லாததுதான். ஆனா வெண்ணெயோ டால்டாவோ எண்ணெயோ ஏதாவது ஒரு கொழுப்பு இல்லாம நடக்காது.

மக்ரூன் நேர் எதிர். அது வெள்ளக்கருவை அடிச்சு அடிச்சு காத்தை உள்ள பூட்டி வைக்கிற வேலை. அந்த நுரையில ஒரு சொட்டு கொழுப்பு விழுந்தா போச்சு. மஞ்சக்கரு ஒரு துளி கலந்தாலும் போச்சு, பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் போச்சு, நீங்க விடிய விடிய அடிச்சாலும் சரியா எழும்பாது.

சின்ன வயசுல அப்பா கூட சைக்கிள்ல போயி ஒரு பேக்கரியோட பின்பக்கம் நின்னு பாத்திருக்கேன். ஒரு அண்ணாச்சி முட்டையை உடைச்சு உள்ளங்கையில ஊத்துவார், விரலிடுக்கு வழியா வெள்ளை வழிஞ்சு கீழ எறங்கும், மஞ்சள் முழுசா கையில நிக்கும், அதை அப்படியே பக்கத்து வாளியில போடுவார், அது கேக்குக்குப் போகும். ஒரு தடவை கூட மஞ்சள் உடைஞ்சு நான் பாத்ததில்ல. நுரை வெள்ளை வெளேர்னு நின்னதும் முந்திரித் தூளைப் போட்டு ரெண்டு கிண்டுதான் கிண்டுவாங்க, அதுக்கு மேல தொட மாட்டாங்க. அப்புறம் பேப்பரைக் கூம்பா சுத்தி, நுனியை வெட்டி, நுரையை உள்ள போட்டு தட்டுல பிழிஞ்சுக்கிட்டே போவார், பிழிஞ்சு சட்டுனு மேல இழுக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூரான மூக்கு வரும், மல்லி மொட்டு மாதிரி. அந்த மூக்கு மடங்கிக் கெடந்தா அடி பத்தலன்னு அர்த்தம். அதுக்கப்புறம் சூடு தணிஞ்ச விறகு அடுப்புல ராத்திரி பூரா கெடக்கும். அதை வேக வைக்கிறதுன்னு சொல்றதை விட காய வைக்கிறதுன்னு சொல்லலாம். நாங்க கடையில உடைஞ்சதா பாத்துக் கேட்போம், தூள் வெல கொறச்சல், டேஸ்ட் ஒண்ணுதானே.

இதுல பேர்தான் பெரிய குழப்பம். பிரெஞ்சுல மக்கரோன்னு ஒரே வார்த்தைதான், அது இத்தாலியிலருந்து வந்தது, நம்ம மக்ரோனி இருக்குல்ல, அதுவும் அதே குடும்பம். இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துல ஓன்னு முடியுற பிரெஞ்சு வார்த்தை பலதை ஊன் ஆக்கிருவான், பலூன், கார்ட்டூன், சலூன் மாதிரி இதையும் மக்ரூன் ஆக்கிட்டான். மூலப் பண்டம் பாதாம்பருப்பு, சீனி, வெள்ளக்கரு. அது போன போன எடத்துல வேற வேற ஆளா மாறிருச்சு.

சென்னையில பெரிய மால் பக்கம் போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரோஸு, பச்சை, ஊதான்னு பட்டன் மாதிரி அடுக்கி வச்சிருப்பான் பாருங்க, அது பாரிஸ் ஸ்டைல், ரெண்டு ஓடு, நடுவுல க்ரீம். அதுலயும் வெள்ளக்கருதான், ஆனா அவங்க பாதாம் மாவைப் போட்டு நுரையை வேணும்னே கொஞ்சம் அமுக்கி, மாவு தோசை மாவு மாதிரி ஒழுகுற வரைக்கும் கலக்குவாங்க, மூக்கு நிக்கக் கூடாது, மேல வழவழன்னு இருக்கணும். எங்க ஊர்ல மூக்கு இல்லன்னா அது மக்ரூனே இல்ல. ஒண்ணு வெல பாத்தேன், அந்தக் காசுக்கு எங்க ஊர்ல கால் கிலோ தாராளமா வரும்னு மனசு தானா கணக்குப் போட்டுருச்சு, வாங்கல.

சித்தி பொண்ணு நியூஜெர்சியில இருக்கா, அவ ஒரு தடவை "ஏய், இங்க கடையில மக்ரூன் போட்டிருக்கான்"னு சந்தோஷமா போட்டோ அனுப்பினா. பாத்தா தேங்காத் துருவலை உருண்டை பிடிச்சு சுட்ட மாதிரி, அடியில சாக்லேட். அமெரிக்காவுல மக்ரூன்னா பெரும்பாலும் அந்தத் தேங்கா உருண்டைதான். அது கடையில குவியுறது யூதர்களோட பாஸ்கா பண்டிகை சமயத்துல. அந்த நாட்கள்ல புளிச்ச மாவு எதையும் தொட மாட்டாங்க, புளிப்பில்லா அப்பம்னு பைபிள்ல வருமே, அதே கணக்கு. சாதாரண குக்கீயில கோதுமை மாவு இருக்கு, அதனால அது வீட்டுக்குள்ளயே வராது, மக்ரூன்ல மாவே கிடையாது, அதனால தைரியமா வாங்கலாம். பாருங்க, எங்க ஆபீஸ் அக்காவுக்கு குக்கீன்னா ஓகே மக்ரூன்னா ஆகாது, பாஸ்கா கொண்டாடுறவங்களுக்கு மக்ரூன்னா ஓகே குக்கீ ஆகாது. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ற ஆளு இதுக்கு பதில் சொல்லட்டும்.

தூத்துக்குடிக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா ஊர்ல எல்லாரும் போர்ச்சுகீஸ்காரன் கொண்டு வந்ததுன்னுதான் சொல்வாங்க. அவங்க 1500கள்ல முத்துக்காக எங்க கடற்கரைக்கு வந்தவங்க, மேசை, ஜன்னல், சாவி எல்லாம் அவங்க வார்த்தைதான். பிரேசில்லருந்து முந்திரியைக் கொண்டு வந்து இந்தப் பக்கம் நட்டதும் அவங்கதான். பாதாமுக்கு எங்க போறது, கையில இருந்த அண்டிப்பருப்பை, அதான் முந்திரியை, போட்டாங்களாம், அது பாதாமை விட நல்லாவே வந்துருச்சுன்னு ஊர்க்காரியா நான் அடிச்சுச் சொல்வேன்.

1658ல போர்ச்சுகீஸ்காரன் கையிலருந்து ஊரை டச்சுக்காரன் பிடிச்சான். குக்கீங்கிற வார்த்தையே டச்சு வார்த்தைதான், குட்டி கேக்னு அர்த்தம். இலங்கையில கொக்கிஸ்னு ஒண்ணு செய்வாங்க, அரிசி மாவும் தேங்காப்பாலும் கலந்து அச்சுல முக்கி எண்ணெயில பொரிக்கிறது, நம்ம அச்சு முறுக்கு மாதிரி இருக்கும், அந்தப் பேரும் டச்சுலருந்து வந்ததுதான்னு சொல்வாங்க. எங்க ஊர்ல ஒரு நூற்றாண்டுக்கு மேல உக்காந்திருந்த டச்சுக்காரன் குக்கீங்கிற வார்த்தையை விட்டுட்டுப் போகல, கக்கூஸ்ங்கிற வார்த்தையைத்தான் விட்டுட்டுப் போயிருக்கான். என்ன செய்ய.

எங்க வீட்டுக்காரர் ஈரோட்டுப் பக்கம். கல்யாணம் ஆகி முத தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ அம்மா தட்டுல மக்ரூனும் பக்கத்துல டீயும் வச்சாங்க. அவர் பாவம் ஒரு மக்ரூனை எடுத்து பிஸ்கட் மாதிரி டீயில முக்கினார். மேல தூக்கினா விரல் நடுவுல மூக்கு மட்டும்தான் இருக்கு, மீதி கரைஞ்சு போச்சு. அப்பா பேப்பரை எறக்கி வச்சுட்டு "என்ன மாப்ள, அதப் போயி முக்கிட்டியளே"ன்னார், குரல்ல கோவம் இல்ல, துக்கம்தான். குக்கீன்னா டீயை உறிஞ்சும், மாவு ஊறும், ஒரு ரெண்டு செகண்ட் தாங்கும். மக்ரூன்ல ஊறுறதுக்கு என்ன இருக்கு, சீனியும் காத்தும்தானே, சீனி டீயில போயிரும், முந்திரித் தூள் அடியில தங்கும். அவர் அந்த டீயைக் குடிச்சு முடிச்சு "நல்லாத்தான் இருக்குது"ன்னார். அந்த வீட்ல அன்னைக்கு அதைச் சொல்லவும் தைரியம் வேணும்.

கெட்டுப் போறதுலயும் ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குக்கீயைத் தொறந்து வச்சா நமுத்துப் போகும், அவ்ளோதான். மக்ரூன் ஈரக்காத்து பட்டா பல்லுல ஒட்டும், மழை நாள்ல சென்னையில மூடியை சரியா அழுத்தாம விட்டீங்கன்னா சாயங்காலம் டப்பாவுக்குள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும்.

லாக்டவுன்ல ஊருக்குப் போக முடியாம நானே செய்யலாம்னு எறங்கினேன். முத தடவை ஒரு மஞ்சக்கரு லேசா உடைஞ்சுது, ஒரு துளிதானேன்னு ஸ்பூன்ல எடுத்துப் போட்டுட்டு முட்டை அடிக்கிற பீட்டர் மெஷினை ஓட விட்டேன், இருபது நிமிஷம் ஓடி பீட்டர் சூடானதுதான் மிச்சம். ரெண்டாவது தடவை நுரை அருமையா வந்துச்சு, முந்திரியை மிக்ஸியில நைஸா அரைக்கணும்னு விடாம ஓட்டினேன், தூள் பிசுபிசுன்னு ஆகி எண்ணெய் விட்டுருச்சு. முந்திரியில 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல கொழுப்புதான், அதை வெளிய வர விடாம விட்டு விட்டுத்தான் ஓட்டணும்னு எனக்கு யார் சொன்னா. நுரை அப்படியே உக்காந்துருச்சு. போதாக்குறைக்கு குக்கீ சூட்டுல, 180ல வச்சேன். தட்டுல வந்தது பிரவுன் கலர் அப்பளம்.

மூணாவது தடவை மூணு வெள்ளக்கரு, 120 கிராம் பொடிச்ச சீனி, 120 கிராம் முந்திரி. முந்திரியை மொதல்ல வெயில்ல போட்டு எடுத்து, பல்ஸ்ல ரெண்டு ரெண்டு செகண்டா ஓட்டி ரவை பதத்துல நிறுத்தினேன். 100 டிகிரியில ஒன்றேகால் மணி நேரம், அப்புறம் ஓவனை அணைச்சு கதவைத் தொறக்காம படுக்கப் போயிட்டேன். காலைல எடுத்து ஒண்ணை அழுத்தினா டக்குனு உடைஞ்சு உள்ள ஓட்டை ஓட்டையா, நடுவுல லேசா மெத்துன்னு. மூக்கு மட்டும் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருந்துச்சு. வீடியோ கால்ல அப்பாவுக்குக் காட்டினேன், "மூக்கு ஒரு மாதிரி இருக்கே"ன்னார்.

மிஞ்சின மூணு மஞ்சக்கரு கிண்ணத்துல என்னையே பாத்துட்டு இருந்துச்சு. வெண்ணெய், சீனி, மைதா போட்டு அதை குக்கீயாக்கினேன், மஞ்சக்கருவுல இருக்கிற கொழுப்புக்கு அது நல்லா மொறுமொறுன்னு வந்துச்சு. இப்போ வழக்கமே அதான், வெள்ளை ஒரு தட்டுக்கு, மஞ்சள் இன்னொரு தட்டுக்கு.

ஆபீஸ் அக்கா ஒரு வாரம் கழிச்சு பேசிட்டாங்க. "முட்டை இல்லாம அது வராதா?"ன்னு அவங்களேதான் கேட்டாங்க. கொண்டைக்கடலை வேக வச்ச தண்ணியைச் சுண்டக் காய்ச்சி ஆற வச்சு அடிச்சா வெள்ளக்கரு மாதிரியே நுரைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டேன். இந்த சனிக்கிழமை கடலை ஊற போட்டிருக்கேன், பீட்டரை வெந்நீர் விட்டு ரெண்டு தடவை கழுவியாச்சு.