சிறு பவளத் தொட்டிக்கு நீரோட்டப் பம்பு: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 13, 2024

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி இன்று வீடு வந்து சேர்ந்தது. நீர்மட்டத்தை 36 செ.மீ. உயரத்தில் நிறுத்தினால் 86 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் இடம் பிடித்த பிறகு உள்ளே நிற்கும் கடல்நீர் 75 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறேன். விளக்கு, உப்பு, கல் ஆகியவை முடிவாகிவிட்டன. எஞ்சியிருப்பது நீரை உள்ளேயே ஓடச்செய்யும் பம்பு மட்டும்தான். சிறு தொட்டி வைப்பவர்கள் விளக்கைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்துவிட்டுப் பம்பைக் கடைசி நாளில் கையில் கிடைத்ததாக வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். பவளம் ஓரிடத்தில் ஒட்டி வாழும் விலங்கு. இரையைத் தேடிப் போகவோ, தன் கழிவை விட்டு விலகவோ அதனால் முடியாது. இரண்டையும் நீர்தான் அதற்காகச் செய்தாக வேண்டும்.

முதலில் வைக்கப் போவது காளான் பவளங்கள், ஜோவாந்தஸ், துடிக்கும் ஸீனியா ஆகியவை. தொட்டி நிலைபெற்ற பிறகு நீண்ட கைகள் கொண்ட யூஃபிலியா என்ற பவளம் ஒன்றும் வரும். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு இந்தத் தொட்டியில் இடமில்லை. பம்பைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்தத் தீர்மானத்தோடு முடிந்துவிடுகிறது.

ஜனவரி 16

நீரோட்டம் எதற்கு என்பதைத் தெளிவாக எழுதி வைத்துக்கொண்டால்தான் எந்தப் பம்பு என்பதை எழுத முடியும். எந்தப் பரப்பின்மேலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஏறத்தாழ அசையாமல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. பவளம் வாங்கும் உயிர்வளியும் விடும் கழிவும் அந்தப் படலத்தை மெதுவாக ஊடுருவித்தான் கடக்க வேண்டும். வெளியே நீர் வேகமாக ஓடினால் படலம் மெலியும், பரிமாற்றம் விரைவுபடும். இரவில் உயிர்வளி உள்ளே வருவதுதான் சிக்கல் என்றால், பகலில் அதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அது வெளியேறாமல் தேங்கினால், கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதியம் உயிர்வளியைப் பிடித்துக்கொள்கிறது, ஒளிச்சேர்க்கை தளர்கிறது. நீரோட்டம் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுவது முக்கியமாக இந்த உயிர்வளியை வெளியேற்றுவதால்தான் என்பதை 2010இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2013இல் செங்கடலின் எய்லாட் கரையில், துடிக்கும் மென்பவளம் ஒன்று தன் கைகளை ஓயாமல் விரித்து மூடுவதும் இதே வேலைக்காகத்தான் என்று நீருக்கடியில் அளந்து கண்டார்கள். ஓர் உயிர் தன் ஆற்றலில் பெரும்பங்கைச் செலவிட்டுத் தனக்கான நீரோட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்றால், அது எவ்வளவு இன்றியமையாத தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிங்கப்பூர் வெப்பத்தில் தொட்டி வைக்கும் எனக்கு இன்னொரு செய்தி இன்னும் நெருக்கமானது. 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த பிறகு ஜப்பானின் ஒக்கினாவாவில் நடந்த சோதனைகளில், வலுவான நீரோட்டத்தில் இருந்த அக்ரோபோராக்கள் வெப்பத்தைத் தாங்கின. தேங்கிய நீரில் இருந்தவை மடிந்தன.

ஜனவரி 20

கடைக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி "எத்தனை லிட்டர் தொட்டி?" என்பதுதான். மென்பவளத்துக்கு மணிக்குத் தொட்டி நீரின் 10 முதல் 20 மடங்கு, கடினக் கிளைப் பவளத்துக்கு 30 முதல் 50 மடங்கு என்ற வாய்ப்பாடு எல்லோர் நாவிலும் இருக்கிறது. அதன்படி எனக்கு மணிக்கு 750 முதல் 1500 லிட்டர் போதும். இந்த எண்ணை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் பவளத்தின் மீது படுவது லிட்டர் அல்ல, வேகம். ஒரே லிட்டர் அளவை இரண்டு விதமாக வெளியிட்டால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

மணிக்கு 1800 லிட்டர் என்பது விநாடிக்கு அரை லிட்டர். 15 மி.மீ. விட்டமுள்ள குழாய்முனை வழியாக அதை வெளியேற்றினால் நீர் விநாடிக்கு ஏறத்தாழ 280 செ.மீ. வேகத்தில் பாயும். 40 மி.மீ. விட்டமுள்ள ப்ரொபெல்லர் வாய் வழியாக அதே நீரை வெளியேற்றினால் வேகம் 40 செ.மீ. மட்டுமே. வேகம் ஏழு மடங்கு கூடினால் ஓட்டத்தில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ ஐம்பது மடங்காகிறது. அத்தனையும் மின்சாரத்திலிருந்து வர வேண்டும். 30 செ.மீ. தள்ளி நிற்கும் ஜோவாந்தஸின் மேல் அந்தக் குறுகிய தாரை விநாடிக்கு 80 செ.மீ.க்கும் அதிகமான வேகத்தில் மோதும். ஒரு சாண் விலகி நிற்கும் கொத்துக்கோ அதில் ஏறத்தாழ எதுவும் போய்ச் சேராது. திசு கிழிவதும், பக்கத்திலேயே கழிவு படிந்து அழுகுவதும் ஒரே தொட்டியில் நடப்பது இதனால்தான்.

குறுகிய முனை வழியாக நீரைத் தள்ளிய பழைய பவர்ஹெட் பம்புகளின் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். மேக்ஸி-ஜெட் 1200 மணிக்கு ஏறத்தாழ 1100 லிட்டருக்கு 20 வாட் வாங்கியது. இன்று டுன்ஸே நானோஸ்ட்ரீம் 6015 மணிக்கு 1800 லிட்டரை 3.5 வாட்டில் தள்ளுகிறது. மேக்ஸி-ஜெட்டின் தண்ணீர் வெளித்தள்ளும் பகுதியைக் கழற்றிவிட்டு ப்ரொபெல்லரைப் பொருத்திக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் அமெரிக்கப் பவளத் தொட்டிக்காரர்களிடையே பரவியிருந்தது. அந்த மாற்றத்தின் தத்துவமே இன்றைய சிறு பம்புகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஜனவரி 24

வெப்பக் கணக்கு. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் நீரின் வெப்பமாகவே முடிகிறது. ஓட்டமாக மாறிய பகுதியும் உராய்ந்து வெப்பமாகிவிடுகிறது. 75 லிட்டர் கடல்நீரில் 20 வாட் பம்பு ஒரு நாள் ஓடினால், வெப்பம் எங்கும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், நீர் 5.6 டிகிரி செல்சியஸ் சூடேறும். 3.5 வாட் பம்புகள் இரண்டை வைத்தால் அது 2 டிகிரியோடு நிற்கும். நடைமுறையில் கண்ணாடி வழியாகவும் ஆவியாதலாலும் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடம் பிற்பகலில் 30 டிகிரியைத் தொடுகிறது, வெளியேற இடமில்லாத வெப்பத்தை நீரைக் குளிர்விக்கும் சில்லர் சுமக்க வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டில் எழுதப்படும் பரிந்துரைகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. என்னைப் பொறுத்தவரை 75 லிட்டர் தொட்டிக்குள் பம்புகளின் மொத்த அளவு 12 வாட்டைத் தாண்டக் கூடாது.

மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக் காந்தத்தின் மூலம் உள்ளே இருக்கும் ப்ரொபெல்லரைச் சுழற்றும் வோர்டெக் எம்பி10 இந்தச் சிக்கலை அழகாகக் கடக்கிறது. தொட்டிக்குள் மின்கம்பியும் இல்லை, மோட்டாரின் வெப்பமும் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. ஆனால் தொட்டியின் பக்கவாட்டில் மோட்டாருக்கு இடம் வேண்டும். எனக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அலமாரி.

ஜனவரி 27

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நேரடியாக மாறுமின்னோட்டத்தில் ஓடும் சிறு மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் இருமுனை மோட்டார், நமது 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்றுதான் சுற்றும். அமெரிக்க மாதிரிக்குச் சொல்லப்படும் கேலன் அளவை 3.785 ஆல் பெருக்கி லிட்டராக்கிவிட்டு அதையே நம்பினால், ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் கிடைக்கும். இந்த வகை மோட்டாரின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. நேர்மின்னோட்ட மோட்டாரும் கண்ட்ரோலரும் கொண்ட பம்பில் இந்தக் கட்டு இல்லை. வேகத்தை மாற்றலாம், விட்டுவிட்டு ஓட்டலாம், இரைபோடும் நேரத்தில் நிறுத்தலாம். விலை கூடுதல், பழுதாகக்கூடிய பாகமும் ஒன்று கூடுதல்.

பிப்ரவரி 3

இன்று கடையில் பம்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குறுக்குவாட்டில் உருளை போல் சுழன்று தகடு போன்ற ஓட்டத்தைத் தரும் வகை, ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தொட்டியில் மிக நன்றாக வேலை செய்கிறது. 60 செ.மீ. தொட்டியிலோ அந்தத் தகடு எதிர்ச்சுவரில் மோதிக் கீழிறங்கி மணலை வாரிக்கொண்டுவரும். அதை விட்டுவிட்டேன்.

ஒரு பெரிய பம்பா, இரண்டு சிறியவையா என்பதில் எனக்கு ஐயமே இல்லை: இரண்டு சிறியவைதான். சிங்கப்பூரின் தென்தீவுகளில், குறிப்பாக சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு இடையில், நீரோட்டம் வலிமையானது; ஓதத்தோடு அது திசை திரும்புகிறது. அங்கு வாழும் பவளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒருமுறையாவது ஓட்டத்தை எதிர்கொள்கிறது. ஒரே திசையில் ஓயாது அடிக்கும் ஒற்றைப் பம்பின் கீழ் வளரும் கொத்து, ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் அழுக்கேறியும் நிற்பதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். இரண்டு இருந்தால், ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று தொட்டியைக் காப்பாற்றும். 27 டிகிரியில் கடல்நீர் தாங்கும் உயிர்வளி லிட்டருக்கு சுமார் 6.5 மி.கி. மட்டுமே, அதே சூட்டில் உள்ள நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேற்பரப்பு அசையாமல் நின்றால் இரவில் அது விரைவில் தீர்ந்துபோகும்.

முடிவாக எடுத்தவை: வேகத்தை மணிக்கு 200 முதல் 4500 லிட்டர் வரை மாற்றக்கூடிய டுன்ஸே 6040 ஒன்று, மாறாத 1800 லிட்டரைத் தரும் 6015 ஒன்று. இரண்டும் ஜெர்மனியின் பவேரியாவில் பென்ஸ்பெர்க் ஊரைச் சேர்ந்த நிறுவனத்தின் தயாரிப்புகள். கூட்டிப் பார்த்தால் வாய்ப்பாட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பது தெரியும். பெரியதை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கிலேயே பெரும்பாலும் ஓட்டப் போகிறேன். மெதுவாகச் சுழலும் அகன்ற ப்ரொபெல்லர், வேகமாகச் சுழலும் குறுகிய ப்ரொபெல்லரைவிட மென்மையான ஓட்டத்தைத் தரும், ஓசையும் குறைவு.

பிப்ரவரி 10

பொருத்தியாயிற்று. 6040 வலப்பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, எதிர்ப்பக்க முன்கண்ணாடியை நோக்கிச் சாய்வாக நிற்கிறது. எந்தப் பவளத்தையும் நேராகக் குறிவைக்கவில்லை. ஓட்டம் கண்ணாடியில் மோதி விரிந்த பிறகே கற்களை அடைகிறது. 6015 இடப்பக்கப் பின்மூலையில், கற்களுக்குப் பின்னால் தேங்கும் நீரைத் தள்ளுகிறது. கழிவு முதலில் சேருமிடம் அதுவே. மின்கம்பிகள் இரண்டும் சொருகுமுனைக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகே மேலேறுகின்றன. வழிந்து வரும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு இல்லாத இணைப்பில் கடல்நீர்ப் பம்பு எதையும் யாரும் சொருகக் கூடாது.

பிப்ரவரி 12

பவளங்கள் வருமுன் அளந்துவிட வேண்டும் என்று விரும்பினேன். பொடித்த மீனுணவைச் சிறிது நீரில் கரைத்து, நீண்ட குழலால் கல்லருகே விட்டு, கண்ணாடியில் ஒட்டிய அளவுகோலுக்கு எதிரே துகள்கள் நகர்வதைக் கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக எடுத்தேன். 20 செ.மீ. தூரத்தை 2 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 10 செ.மீ. என்று பொருள். மென்பவளத்துக்கு நான் குறிவைத்திருப்பது 5 முதல் 10 செ.மீ. வரை. மேல்கல்லில் 12, நடுவில் 7, பின்புறக் குழிவில் 3 என்று வந்தது. 6015இன் முகத்தைச் சற்றுக் கீழே திருப்பியதும் குழிவில் 5 ஆனது. முதல் யூஃபிலியா வரும்போது அது அந்தக் குழிவின் ஓரத்தில், நேர் ஓட்டம் படாத இடத்தில் அமரும். அதன் நீண்ட கைகள் ஆட வேண்டும், மடங்கிக் கிடக்கக் கூடாது.

மணல் குறித்து ஒரு வரி: 1 மி.மீ.க்கும் மெல்லிய மணல் இந்த ஓட்டத்தில் மூலையில் குவிந்துவிடுகிறது. 1 முதல் 2 மி.மீ. வரை உள்ளது அசையவில்லை.

பிப்ரவரி 18

விட்டுவிட்டு ஓட்டுவதைப் பற்றி. ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் நீர் இயல்பாக முன்னும் பின்னும் ஊசலாடும் ஒரு காலம் உண்டு, 60 செ.மீ. நீளமும் 36 செ.மீ. ஆழமும் உள்ள இந்தத் தொட்டிக்கு அது சுமார் 0.9 விநாடி என்று கணக்கு சொல்கிறது. பம்பை அந்த இடைவெளியில் துடிக்கவிட்டால் மிகக் குறைந்த ஆற்றலிலேயே முழு நீரும் அலையாக ஆடுகிறது, ஒவ்வொரு பவளமும் இரு திசையிலும் நீரைப் பெறுகிறது. செய்து பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் நீர்மட்டம் ஓரங்களில் 2 செ.மீ. ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அளவைக் குறைத்தேன். கண்ணாடிகளை ஒட்டிவைத்திருக்கும் சிலிக்கோன் பட்டை ஒரு நாளில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை தள்ளப்படுகிறது என்பதை யோசிக்க வேண்டும். பகலில் சில மணி நேரம் மட்டும் மெல்லிய அலை, மற்ற நேரத்தில் கண்ட்ரோலர் தானே தேர்ந்தெடுக்கும் சீரற்ற ஏற்ற இறக்கம் என்று வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

காளான்களும் ஜோவாந்தஸும் ஸீனியாவும் இடம் பிடித்துவிட்டன. இரவில் 6040 நான்கில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கினாலும் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்கும்படி 6015ஐ எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். ஸீனியாவின் பக்கமிருந்த ஓட்டத்தை இன்று சற்றுத் தணித்தேன்; அதன் கைகள் ஒரே பக்கம் படுத்திருந்தன, இப்போது விரிந்து மூடுகின்றன.

மார்ச் 30

பம்புகள் இரண்டையும் கழற்றித் துப்புரவு செய்தேன். ப்ரொபெல்லர் அச்சைச் சுற்றிச் சுண்ணாம்பு படியத் தொடங்கியிருக்கிறது. வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்த கலவையில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்னீரில் ஓட்டிக் கழுவினால் போதும். உறிஞ்சும் பக்கத்துக் கம்பித் தடுப்பில் பாசி அடைத்தாலே ஓட்டம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்லக் குறைவதால் பவளம் சுருங்கிய பிறகே பலர் கவனிக்கிறார்கள். துப்புரவுக்குப் பின் மேல்கல்லில் மீண்டும் அளந்தேன்: முன்பு 9ஆக இறங்கியிருந்தது, இப்போது 12. இனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையில் இதே இடத்தில் அளந்து, 10க்குக் கீழே போனால் அன்றே கழற்றுவது என்று வைத்துக்கொள்கிறேன்.