ரோனா கப்பலில் போன பெரிய தாத்தாவைத் தேடி அலைந்த கதை

இரண்டாம் உலகப் போரில் கப்பலோடு மூழ்கிப்போன எங்கள் பெரிய தாத்தாவின் பெயர் ஒருவழியாகப் போரில் இறந்தவர்கள் பட்டியலில் கிடைத்துவிட்டது. அலையவிட்டதை நினைத்தால்தான் மனசு இன்னும் ஆறவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் கடலில் ஆளைப் பறிகொடுத்த பழைய குடும்பங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அவர் ரோனாவில் எஞ்சின் அறை ஆள். ரஜூலா கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதற்கு ஜோடிக் கப்பல் இது. இரண்டும் 1926-இல் கட்டியவை. சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் என்று ஓடியவை. போர் வந்ததும் ரோனாவில் துருப்புகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இறப்புச் சான்றிதழ் இருக்காம்மா? அது இல்லாம எதை வெச்சுத் தேடுறது?" அந்த மனிதர் எங்கே, எப்போது இறந்தார் என்று தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறேன்! அதைச் சொன்னதும், "வெள்ளைக்காரன் கப்பல்தானே, லண்டனுக்கு எழுதுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு அலுவலகத்தில் அவருடைய சிடிசி எண்ணைக் கேட்டார்கள், அதாவது மாலுமி கையில் வைத்திருக்கும் பணிப் பதிவுப் புத்தகத்தின் எண். அந்தப் புத்தகமும் அவரோடு கடலுக்குள் போயிருக்கும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

வீட்டில் சொன்ன கதையும் இழுத்தடித்தது. "ரங்கூன் பக்கம் ஜப்பான்காரன் குண்டு போட்டான்" என்பார் அத்தை. அதை நம்பி 1942-ஆம் வருடத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. ரோனா மூழ்கியது அல்ஜீரியா கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில், 1943 நவம்பர் 26 அன்று. ஜெர்மன் விமானம் ஏவிய, ரேடியோவால் இயக்கப்படும் குண்டு அடித்தது. 1,015 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். கப்பல் ஊழியர்களில் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அமெரிக்க அரசு பல வருடம் இதை மூடி வைத்திருந்தது. அப்புறம் ராயபுரத்துக்கு எப்படிச் சேதி வரும்?

போரில் இறந்த காமன்வெல்த் நாட்டுக்காரர்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். நம் ஆட்களின் பெயரை அன்றைக்கு யார் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், பலருக்கு ஒற்றைப் பெயர்தான். இறந்த தேதியை மட்டும் கொடுத்து, வணிகக் கப்பல் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வருகிற பட்டியலில் கப்பல் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கழியுங்கள். அப்படித்தான் பிடித்தேன். தாத்தாவுடைய அப்பா பெயரும் ராயபுரமும் சேர்ந்து இருந்ததைப் பார்த்ததும் அத்தைக்குப் போன் போட்டேன், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

கடலில் போன இந்திய மாலுமிகளின் பெயர்ப் புத்தகம் மும்பை மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது. அதன் இன்னொரு பிரதி சிட்டகாங்கில். போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதே விவரம் இணையத்திலும் கிடைக்கிறது.

எங்கள் தாத்தா பெயரில் ஒரு எழுத்து தப்பு. ஆதாரம் இருந்தால் ஆணையத்திடம் திருத்தம் கேட்கலாம். பங்குக் கோயிலில் கேட்டதும் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி நகல் கொடுத்தார்கள், அதை இணைத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், ஆணையத்துக்கு எழுதும் முன் இந்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.