ஆலை விபத்துத் திட்டத்தை ஆர்டிஐயில் வாங்க ஐந்து மாதம்

ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஊரையொட்டிய ஆலையில் குளோரின் கசிந்தால் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும் ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டு இதை வாங்க ஐந்து மாதம். அதில் ஒன்றரை மாதம் மனுவில் எழுதிய ஒரு சொல்லால் வீண்.

முதல் மனுவில் கேட்டது "பேரிடர் மேலாண்மைத் திட்டம்". கேட்டதைத்தான் கொடுத்தார்கள்: 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி தயாரான மாவட்டத் திட்டம். முழுக்க வெள்ளமும் புயலும். ரசாயன விபத்துக்கு ஒரே பக்கம், ஆலையின் பெயர்கூட இல்லை. ஆலைகளுக்கு வழி வேறு. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989 அபாயகர ரசாயன விதிகளைப் பிடிக்க வேண்டும். விதி 13 ஆலைக்கு உள்ளே என்ன செய்வது என்ற திட்டம், அது நிர்வாகத்தின் வேலை. விதி 14 வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கானது, பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு. நமக்கு வேண்டியது 14. மனுவில் விதி எண்ணைப் போட்டு, "ஆஃப் சைட் எமர்ஜென்சி பிளான்" என்றே எழுதுங்கள். தூய தமிழில் எழுதினால் எந்தக் கோப்பு என்றே அவர்களுக்குப் புரிவதில்லை.

அதற்கும் முன் ஒரு கணக்கு. குளோரின் 10 டன்னுக்குக் குறைவாக இருந்தால் இந்த விதி 14 பொருந்தாது. குளோரின் அடைத்துவரும் 'டன்னர்' என்ற பெரிய உருளை ஒன்றில் ஏறத்தாழ 900 கிலோ. பத்து உருளை வைத்திருப்பவர் 9 டன் என்று கணக்குக் காட்டித் தப்பிவிடலாம். எனவே முதல் கேள்வியாக அனுமதிக்கப்பட்ட அதிகபட்சச் சேமிப்பைக் கேளுங்கள்.

இரண்டாவது மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்கும், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் போனது. "மேற்படி ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று பதில். எப்படி இருக்கும்? ஆர்டிஐ 6(3)இன்படி, ஆவணம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஐந்து நாளில் மாற்ற வேண்டும். கீழே தள்ளிவிடுவது மாற்றம் ஆகாது. ஒரே நாளில் இரண்டு மனு போடுவதே நல்லது: ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு, இன்னொன்று தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு. 1996 ரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர், உறுப்பினர் செயலர் தொழிற்சாலை ஆய்வாளர். பேப்பர் பெரும்பாலும் ஆய்வாளரிடம்தான் இருக்கும். கட்டணம் பத்து பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்.

"உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்தில் வேண்டும்" என்று எழுதிப் பார்க்காதீர்கள். விபத்து நடக்காதவரை அதை யாரும் ஏற்பதில்லை.

மூன்றாவது மனுவுக்கு வந்தது மறுப்பு. பிரிவு 8(1)(டி), வணிக ரகசியமாம். 30 நாளுக்குள் மேல்முறையீடு. அங்கே எடுபட்டது இது: 1989 விதி 15, விபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் சுற்றியுள்ளவர்களுக்கு ஆலையே சொல்ல வேண்டும் என்கிறது. 1996 விதி 13, கேட்பவருக்கு நெருக்கடிக் குழுக்கள் தகவல் தர வேண்டும் என்கிறது. வலியச் சொல்லியாக வேண்டியதை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? உண்மையிலேயே ரகசியமான வரிகள் இருந்தால் ஆர்டிஐ 10ஆம் பிரிவுப்படி அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். இதை இரண்டு பத்தியில் எழுதினால் போதும், நான்கு பக்கம் வாதாட வேண்டியதில்லை.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் வந்தது. ஆபத்துப் பகுதிகளை வட்டம் போட்டுக் காட்டும் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். சிவப்பு வட்டமும் மஞ்சள் வட்டமும் ஒரே சாம்பல் நிறம். மனுவிலேயே "வரைபடம் வண்ணத்தில், மின்னணு வடிவில்" என்று கேட்டிருக்க வேண்டும்.

கையில் கிடைத்ததும் முதலில் பாருங்கள் கூடுமிடத்தை, அதாவது விபத்தின்போது மக்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தை. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். இந்தத் திட்டத்தில் கூடுமிடம் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள பள்ளிக்கூடம்! தொலைபேசிப் பட்டியலில் பாதி எண் உபயோகத்தில் இல்லை. இரண்டையும் கிராம சபைத் தீர்மானமாக எழுதி ஆட்சியருக்கு அனுப்பியாகிவிட்டது. உள்ளூர் நெருக்கடிக் குழுவில் ஊர்த் தலைவருக்கு இடம் உண்டு, அதையும் கேட்டிருக்கிறது. அந்தக் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு அடுத்த மனு போயிருக்கிறது. இன்றோடு 22 நாள்.