மாமாவின் கயிறும் பூச்சியத்தில் நின்றுபோன வளையியும்

உப்புவெளிக் கரையில் மாமாவின் வள்ளத்தைக் கட்டியிருந்த பழைய கயிற்றில் ஒரு முழம் வெட்டியெடுத்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். "நைலோன் எண்டுதான் கடையிலை தந்தவன்" என்றார் மாமா. வாளித் தண்ணீரில் போட்டதும் அது மிதந்தது. நைலோன் தண்ணீரைவிட அடர்த்தி கூடியதாகையால் மிதக்காது. பொலித்தீனும் மிதக்கும் என்பதால், பின்னர் 165 பாகைக்கு அருகே உருகியபோதே அது பொலிபுரொப்பிலீன் என்று உறுதியாயிற்று. திருகோணமலையில் எந்தக் கயிற்றையும் நைலோன் என்றுதான் சொல்வார்கள். மாமாவிடம் இதைச் சொல்லப் போகவில்லை.

உருகிய பொலிபுரொப்பிலீனைக் குளிரவிட்டால் அது உருகுநிலையில் பளிங்காகாது, அதாவது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கி இறுகா. அதற்குச் சுமார் ஐம்பது பாகை கீழே இறங்கிய பின்னரே பளிங்காகும். எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறோமோ அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலைக்கு அது தள்ளிப்போகும். இதை அளந்து, ஒரு சமன்பாட்டால் முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதே என் ஆய்வுக் கேள்வி. வெப்பப் பாய்ச்சலை அளக்கும் டி.எஸ்.சி. கருவிக்காகக் கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு, ஹபரணை, தம்புள்ளை வழியே பல தடவை பேருந்தில் போய்வந்தேன்.

ஐந்து மில்லிகிராம் இழையை அலுமினியக் கிண்ணத்தில் மூடி, நைதரசன் ஓட்டத்தில் 200 பாகையில் ஐந்து நிமிடம் வைத்தேன். கயிற்றிழை இழுத்து நீட்டப்பட்டது; அந்தப் பழைய ஒழுங்கு முழுவதும் அழியாவிட்டால் அதுவே புதிய பளிங்கு வளரத் தொடங்கும் கருவாக நின்று முடிவைக் குழப்பிவிடும். பின்னர் நிமிடத்துக்கு 2.5, 5, 10, 20 பாகை என்ற வேகங்களில் குளிர்வித்தேன். வெளிவந்த வெப்பம் கிராமுக்குச் சுமார் 100 யூல். முழுவதும் பளிங்கான பொலிபுரொப்பிலீனுக்கு 207 யூல் என்று கொள்வதால், மாதிரியில் பளிங்கானது பாதிக்குச் சற்றுக் குறைவு.

முதல் இடறல் வெப்பநிலையிலேயே வந்தது. கருவியை 156.6 பாகையில் உருகும் இந்தியம் என்ற உலோகத்தால் திருத்தியிருந்தார்கள். ஆனால் அது சூடாக்கும்போதைய திருத்தம். குளிரும்போது இந்தியமும் உருகுநிலைக்குக் கீழே போய்த்தான் உறையும் என்பதால், அதைக் கொண்டு குளிர்வித்தலைத் திருத்த முடியாது. வெவ்வேறு வேகங்களில் இந்தியத்தை உருக்கி, வேகத்தோடு உருகுநிலை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, அந்த நகர்வைத் திசை மாற்றிப் பயன்படுத்தினேன். இழையை மெல்லிய தகடாக அழுத்தி வைத்ததும் உதவியது. இந்தத் திருத்தம் இல்லாத முதல் மாத அளவீடுகள் எல்லாவற்றையும் வீசிவிட்டேன்.

மாதிரியுரு அமைப்பதில் என் அவசரம் வெளிப்பட்டது. பளிங்காதலின் வேகம் பற்றி 1939 முதல் 1941 வரை அவ்ராமி எழுதியவை மாறா வெப்பநிலைக்கு உரியவை. அவர் சமன்பாட்டை நேரே குளிர்வித்தல் வளையியில் பொருத்தினால் ஒரு சுட்டி கிடைக்கும், பொருள் கிடைக்காது. வேகத்தோடு உச்ச வெப்பநிலை நகர்வதிலிருந்து செயலூக்கச் சக்தியைக் கணிக்கும் கிசிஞ்சர் முறையில் குளிர்வித்தல் வேகத்தின் மடக்கையை எடுக்க வேண்டும்; குளிர்வித்தல் வேகமோ கழித்தல் குறியுடையது, அதற்கு மடக்கை இல்லை. பலர் குறியை ஓசையின்றி விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். 2002இல் வியாசொவ்கின் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டியிருந்ததைப் படித்தபின் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். 1971இன் ஒசாவா முறை குளிர்வித்தலுக்கென்றே அமைந்தது. ஆனால் ஒரே வெப்பநிலையில், மெதுவாகக் குளிர்ந்த மாதிரி முடியும் தறுவாயிலும் வேகமாகக் குளிர்ந்தது தொடக்கத்திலும் நிற்பதால், நேர்கோடாக வரவேண்டிய வரைபு என்னிடம் வளைந்தே வந்தது.

ஆகவே நக்கமுராவின் வகையீட்டுச் சமன்பாட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கணத்திலும் அப்போதைய வெப்பநிலையையும் அதுவரை பளிங்கான பங்கையும் கொண்டு வேகத்தைக் கணிக்கும் முறை அது. நிரலை ஓட்டினால், இருநூறு பாகையிலிருந்து அறை வெப்பநிலை வரை விடை பூச்சியம், பூச்சியம், பூச்சியம். இரண்டு இரவுகள் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை: பளிங்கான பங்கு பூச்சியமானால் வேகமும் பூச்சியம், ஆகவே அது ஒருபோதும் புறப்படாது. தொடக்கப் பெறுமானமாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை வைத்தவுடன் வளையி எழுந்தது.

அந்தச் சமன்பாட்டுக்கு வேண்டிய வேக மாறிலியை, 122 முதல் 130 பாகை வரை மாறா வெப்பநிலையில் வைத்து, பளிங்காதல் பாதி முடிய எடுத்த நேரங்களிலிருந்து பெற்றேன். அதற்குக் கீழே அளக்க முடியவில்லை. கருவி நிலைபெறுமுன்னரே பளிங்காதல் தொடங்கிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 20 பாகையில் குளிரும்போது பளிங்காதலின் உச்சம் 110 பாகைக்கு அருகே விழுகிறது. இடைவெளியை, பளிங்கு வளரும் வேகம் வெப்பநிலையோடு மாறுவதைச் சொல்லும் ஹொஃப்மன்–லோரிட்சன் வடிவத்தால் நீட்டி நிரப்பினேன். அதற்குச் சமநிலை உருகுநிலை, அதாவது குறையற்ற பெரிய பளிங்கு உருகும் வெப்பநிலை, வேண்டும். 185 பாகை என்போரும் உண்டு, 210ஐத் தாண்டுவோரும் உண்டு. என் கணிப்பின் மிகப் பலவீனமான இடம் இதுதான். உச்சத்தின் இடம் பொருந்தியது. வளையியின் வாற்பகுதியில் கணிப்பு முந்தி முடிந்துவிட்டது. பின்னர் மெதுவாக நடக்கும் இரண்டாம்நிலைப் பளிங்காதலுக்கு அந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

இவ்வளவும் வெள்ளை இழைக்கு. அதே கயிற்றில் அடையாளத்துக்காக ஓடும் நீல இழையை ஒருநாள் பொழுதுபோக்காகக் கிண்ணத்தில் வைத்தேன். அதே வேகத்தில் அது சுமார் 10 பாகை மேலேயே பளிங்காகியது. தாலோசயனின் நீலச் சாயம் பொலிபுரொப்பிலீனுக்குக் கருவாக்கி என்பது நூல்களில் உள்ள செய்தி. என் நீல இழையில் இருப்பதும் அதுதானா என்று இன்னும் சோதிக்கவில்லை. அதற்கெனத் தனி மாறிலிகள் வேண்டும்; அடுத்த பயணத்துக்கு நீல இழைகள் மட்டும் பன்னிரண்டு கிண்ணங்களில் அடைத்து வைத்திருக்கிறேன்.