சார்த்ர் மாதா கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சார்த்ர் ஊருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயல்வெளிக்கு நடுவே, ஊர் தெரியும் முன்பே சார்த்ர் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரிந்துவிட்டன. கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டது.

உள்ளே நல்ல இருட்டு. கண் பழகியதும் மேலிருந்து நீல வெளிச்சம் இறங்கியது. நடுக்கூடத்துத் தரையில் கல்லில் பதித்த வட்டமான சுழல்பாதை. மற்ற நாட்களில் பெரும்பாலும் நாற்காலிகள் மறைத்திருக்கும். கோடையில் வெள்ளிக்கிழமைகளில் திறந்துவிடுவார்கள். அதற்காகவே அன்று போனேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜெபமாலையோடு நடந்தேன். மொத்தம் 260 மீட்டர்தான். மையம் இதோ என்று வரும், உடனே பாதை வெளியே தள்ளிவிடும். கல் குளிர்ந்து, வழவழப்பாக இருந்தது. எண்ணூறு வருடக் கால்கள்!

1194 ஜூனில் பழைய கோயில் தீயில் எரிந்தது. மாதா உடுத்தியதாக நம்பப்படும் துகிலும் போய்விட்டது என்று ஊரே அழுததாம். மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து குருக்கள் அதைப் பத்திரமாக எடுத்து வந்தார்கள். அப்புறம் சுமார் முப்பது வருடத்தில் பெரும்பகுதி எழும்பிவிட்டது.

ஜெபம் மட்டும் நடந்த இடமில்லை இது. மாதாவின் நான்கு திருநாட்களுக்கும் கோயிலைச் சுற்றிச் சந்தை கூடும். 11ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் ஃபுல்பெர் காலத்தில் இங்கிருந்த பள்ளிக்கு வெளியூர்களிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று கைகால் எரிந்து துடித்தவர்களை நிலவறையில் படுக்கவைத்துப் பராமரித்தார்கள். எனக்கு மனம் நின்றது அந்த நிலவறையில்தான். போக்கிடமில்லாத நோயாளிக்குப் பீடத்துக்குக் கீழேயே படுக்கை!

அதே திருச்சபைதான் நிலவுடைமையாளர், வரி வாங்கியவரும்கூட. 1210இல் ஊர்மக்கள் திரண்டு கோயில் குருக்களின் தலைவர் வீட்டையே தாக்கினார்கள். மாதாவை நேசித்த ஊர்தான் அதுவும். இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, செருப்பை எடுக்கத் தெற்குப் பக்கம் போனேன். அங்கே, அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதன் அடியில், கண்ணுக்கு எட்டும் உயரத்தில், காலணி செய்பவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அந்த ஜன்னல் அவர்களுடைய காணிக்கை என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களே மனமுவந்து கொடுத்தார்களா, கோயில் வசூலித்ததா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் இடம் கொடுத்த அதே கண்ணாடியில் செருப்புத் தைக்கிற கைக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

கீழே உட்கார்ந்தேன். வழிப்போக்கனைத் தூக்கிவிட்ட சமாரியன் மேலே, செருப்புத் தைப்பவர் அடியில். ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே என் செருப்பை மாட்டினேன்.