தீர்ப்புத் தொகையும் வரிக் கணக்கும்

பெங்களூரில் தொழிலாளர் வழக்குகளையும் வருமான வரி வழக்குகளையும் சேர்த்து நடத்தும் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஜூனியராகப் பணியாற்றுகிறேன். இந்த இரண்டு துறைகளுக்கும் என்ன தொடர்பு என்று உடன் படித்தவர்களும் உறவினர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு எவ்வளவு தொகை சேர வேண்டும் என்பதைத் தொழிலாளர் சட்டம் முடிவு செய்கிறது; அதில் எவ்வளவு அவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதை வருமான வரிச் சட்டம் முடிவு செய்கிறது. முதல் கேள்விக்கு மட்டும் விடை கண்டு வழக்குக் கட்டை மூடிவைப்பவர் தம் கட்சிக்காரருக்குப் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த, ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் தமிழர் ஒருவர், பணிநீக்கத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடி, மீண்டும் வேலையும் நிலுவைச் சம்பளமும் பெற்றார். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட தொகை தீர்ப்பில் சொன்னதைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு, நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "வக்கீலம்மா, கேஸ் நடத்தி ஜெயிச்ச பணத்துக்கும் வரி பிடிப்பாங்களா?" என்று அவர் கேட்டார். "பிடிப்பாங்க ஐயா, ஆனா அதைத் திரும்ப வாங்க வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வழியைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் கணக்கை எளிய எண்களில் இங்கேயும் போடுகிறேன். மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு ஆறு ஆண்டு நிலுவை 14,40,000 ரூபாய், 2025-26 நிதியாண்டில் ஒரே தவணையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் வழக்கமான சம்பளம் 2,40,000 ரூபாயையும் சேர்த்தால் 16,80,000 ஆகிறது. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 16,05,000 ரூபாய்க்கு வரி, மேல்வரியும் சேர்த்து 1,25,840 ரூபாய். ஆனால் அந்தச் சம்பளம் அந்தந்த ஆண்டில் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருந்தால், வேறு வருமானம் இல்லாத அவருக்கு ஆண்டு வருமானம் 2,40,000தான். அது அந்த ஆண்டுகளில் குறைந்தது 2,50,000 ரூபாயாக இருந்த வரிவிலக்கு வரம்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஒரு ரூபாய்கூட வரி வந்திருக்காது. சம்பளத்தை நிறுத்திவைத்தது நிறுவனம், வழக்கு நீண்டதற்குக் காரணம் நீதிமன்றங்களின் சுமை, வரி மட்டும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான், 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இருக்கிறது. நிலுவையை அது சேர வேண்டிய ஆண்டுகளுக்குப் பிரித்துப்போட்டுப் பார்த்து, கூடுதலாக வந்த வரியை அது நிவாரணமாகத் தள்ளிக்கொடுக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நிவாரணம் முழு 1,25,840 ரூபாயுமே ஆகும்.

இந்த நிவாரணம் தானாக வந்து சேராது. அதைக் கோரும் 10இ (Form 10E) படிவத்தை வருமான வரித் துறையின் இணையதளத்தில் முதலில் தாக்கல் செய்துவிட்டு, அதன் பிறகுதான் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். படிவம் இல்லாமல் கணக்கில் மட்டும் நிவாரணம் கோரினால், அதை மறுத்து அறிவிப்பு வரும். இதைவிட நல்ல வழி, பணம் கைமாறுவதற்கு முன்பே செயல்படுவது. நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இந்த நிவாரணத்தின் விவரங்களை முதலாளியிடமே கொடுக்கலாம் என்றும், முதலாளி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வரி பிடிக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தின் 192(2ஏ) பிரிவு சொல்கிறது. தீர்ப்பு வந்த வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதினால், பிடித்த வரியைத் திரும்பப் பெறக் காத்திருக்கும் மாதங்கள் மிச்சமாகும். ஆனால் தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பிப்பதோடு தொழிலாளர் வழக்கு முடிந்துவிட்டது என்று கருதுபவர்களுக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வருவதில்லை.

வரிச் சட்டம் வழக்கின் கடைசியில் மட்டும் தேவைப்படுவதன்று, தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது. நிலுவைச் சம்பளம் கேட்கும் தொழிலாளி, நீக்கப்பட்ட காலத்தில் வேறெங்கும் வருமானம் தரும் வேலையில் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, அவர் வேலையில் இருந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்குப் போகிறது. தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாக்கியது. ஆனால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஆறு ஆண்டுகள் சும்மா இருக்க முடியாது. அவர் எங்கோ ஒப்பந்த வேலை பார்த்திருப்பார். அங்கே பிடித்த வரி, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் (Form 26AS) அறிக்கையில் பதிவாகியிருக்கும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் தவணை ஏறியிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் பிரமாணப் பத்திரம் தயாரித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த வேலையை ஆவணத்தோடு எடுத்து நீட்டும்போது, நல்ல வழக்கும் நம்பகத்தன்மையை இழக்கும். ஆகவே புதிதாக வரும் எந்தத் தொழிலாளியிடமும் நியமனக் கடிதத்துக்கு அடுத்தபடியாக நான் கேட்பது 26ஏஎஸ் அறிக்கையும் வைப்பு நிதிக் கணக்குப் புத்தகமும்தான். இடைக்காலத்தில் சிறு வருமானம் இருந்திருந்தால் அதை நாமே உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. நிலுவை ஓரளவு குறையலாம், வழக்கு நிற்கும்.

அடுத்தது, பணத்துக்கு எந்தத் தலைப்பு இடுகிறோம் என்பது. வேலை முடிவுக்கு வந்ததை ஒட்டி முதலாளி கொடுக்கும் இழப்பீடு, பொதுவாகச் சம்பளத்துக்குப் பதிலான ஆதாயம் என்று வரிச் சட்டத்தின் 17(3) பிரிவின் கீழ் முழுமையாக வரிக்கு உட்படும். ஆனால் தொழிலாளி ஒருவருக்கு ஆட்குறைப்பின்போது கிடைக்கும் இழப்பீட்டுக்கு, சட்டக் கணக்குக்கு உட்பட்டு, 5 லட்சம் ரூபாய் வரை 10(10பி) பிரிவு விலக்கு அளிக்கிறது. பணிக்கொடைக்கு 20 லட்சம் வரையும், ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ கிடைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் வரையும் தனித்தனி விலக்குகள் உண்டு. மாதம் 26,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 12 ஆண்டுகள் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை 1,80,000 ரூபாய், ஆட்குறைப்பு இழப்பீடு 1,56,000 ரூபாய். இரண்டும் விலக்குக்குள்ளேயே வரும். இவற்றையெல்லாம் கூட்டி "முழு மற்றும் இறுதித் தொகை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், விலக்குக் கேட்க ஆதாரம் இல்லாமல் போகிறது.

அப்படி ஒரே வரியில் எழுதப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழில் தகராறுச் சட்டத்தின்படியும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பின்படியும் சமரச அதிகாரியின் முன் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் முடியும். தொழிலாளியைப் பணம் படைத்தவரின் வக்கீல் அமுக்கிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுந்த விதி அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பன்னர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனத்தில் சமரசம் பேசும் மேசையில், நிறுவனத்தின் மனிதவள அதிகாரி வக்கீல் தயாரித்துக் கொடுத்த வரைவோடு உட்கார்ந்திருக்க, தொழிலாளியோ தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுவிடுகிறார். அவருக்குப் பின்னால் வந்து நாங்கள் செய்யக்கூடியது குறைவு. ஆகவே சமரசத்துக்குப் போகிறவர்களுக்கும் உடன் போகும் சங்கத் தலைவருக்கும் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன்: எந்தத் தொகை எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை ஆண்டு சேவைக்கு, எந்தக் காலத்து நிலுவைக்கு என்று தனித்தனியாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். இல்லாத ஆட்குறைப்பை இருந்ததாக எழுதச் சொல்வதில்லை; அது பொய், வரி அதிகாரியின் முன் ஒரு நாளும் தாங்காது. உள்ளதைப் பிரித்து எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த நகரின் மென்பொருள் ஊழியர்களிடம் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. மேற்பார்வை வேலையில் இருப்பவரைத் தொழிலாளியாகக் கருதுவதற்கு மட்டுமே தொழிலாளர் சட்டம் சம்பள வரம்பு வைத்திருக்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், யாரையும் மேற்பார்வை செய்யாதவரானால், தம்மைத் தொழிலாளி என்று வாதிட இடமுண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகே எங்களிடம் வருகிறார்கள். ராஜினாமா ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே கருணைத் தொகை என்று கொடுத்த நான்கு மாதச் சம்பளத்துக்கு 10(10பி) விலக்கும் கிடையாது, நீக்கத்தை எதிர்க்கும் வழக்கும் கடினமாகிறது. மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அன்றைய தினமே மின்னஞ்சலில் அதை எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு துறைகளிலும் வழக்கு நடத்தும் விதமே வேறு. வருமான வரியில் 2020 முதல் பெரும்பாலான முதல் மேல்முறையீடுகள் அதிகாரியை நேரில் பார்க்காத முகமறியா முறையில் நடக்கின்றன. எழுத்தில் போட்டதுதான் வாதம். தொழிலாளர் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறும் மனிதரின் சொல்லில்தான் வழக்கு நிற்கிறது, அதுவும் கன்னடத்தில். தமிழ் மட்டும் தெரிந்த தொழிலாளியிடம் கேள்வியின் பொருளை முந்தைய மாலையே விளக்கிவிட வேண்டியிருக்கிறது.

இப்போது இரு பக்கமும் சட்டம் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. நிலுவைச் சம்பளத்துக்கான நிவாரணம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது, பிரிவு எண்கள்தான் வேறு. தொழிலாளர் பக்கம் மாற்றம் ஆழமானது. சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியமாகவே கருதப்படும் என்பதால் பணிக்கொடை உயரும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வரும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் தனி ஒருவர் தம் பணிநீக்கத்தை எதிர்த்து நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு இருந்த மூன்றாண்டு அவகாசம் இரண்டாகக் குறைந்துவிட்டது. நிறுவனம் திரும்பக் கூப்பிடும் என்று காத்திருக்கும் ஓசூர், பொம்மசந்திரா பகுதித் தொழிலாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கூப்பிட்டால் போங்கள், ஆனால் காத்திருக்கும் நாட்களிலேயே மனுவையும் போட்டுவையுங்கள்.